பொய் சொல்லத் தெரியாதவரோடு குடித்தனம்

உலையில் அரிசியைக் களைந்து போட்டுக்கொண்டிருந்தேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு விட்டிருந்த இரண்டறை வீட்டின் பின்வாசலில் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிற உத்தியோகம் அவருக்கு. தொப்பியைக் கையில் பிடித்தபடி, எதையோ உடைத்துவிட்ட பிள்ளையைப் போல் நின்றார். அவருக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒருவனும், நிறைமாத வயிற்றோடு ஒரு பெண்ணும். "இன்னும் ரெண்டு பேருக்குச் சேர்த்துப் போடு" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான், ஆண்டவர் சொன்னார் என்று எங்கள் கட்டிலைத் தூக்கி ஒரு காய்ச்சல்காரனுக்குக் கொடுத்திருந்தார். ஆண்டவர் அவரோடுதான் பேசுவார். என்னோடு ஒருநாளும் பேசியதில்லை. அடுப்படிப் புகையில் என் காதில் விழவில்லையோ என்னவோ!

வந்தவர்கள் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தம் முடியும் முன் தோட்டத்தைவிட்டு ஓடினால் அப்போது சிறை. ஓடியவர்களை வீட்டில் வைத்திருந்தால் அதுவும் குற்றம். இருவரும் டிக்கெட் இல்லாமல் ரயிலேறியிருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷனில் இறக்கி ஒப்படைக்க வேண்டியவர், வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். அந்த ஆளின் முதுகில் பிரம்படிக் காயங்கள் இன்னும் ஆறாமல் இருந்தன. அவற்றில் பூச நானேதான் மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன். ஆனால் குடியிருப்பதோ அரசாங்க வீடு.

"இவங்களப் பிடிச்சுக் குடுக்கறதுதான் உங்க வேல. மறந்து போச்சா?"

"மறக்கல. ஜெபம் பண்ணினேன். கூட்டிட்டுப் போன்னு சொன்னாரு."

"வேல போயிட்டா?"

"கர்த்தர் பாத்துக்குவாரு."

இந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவரோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று.

மறுநாள் காலையிலேயே அந்தப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. உச்சிவேளையில் எட்டிப் பார்த்தால், கூலிகளை மேய்க்கிற தோட்டத்துக் கங்காணி ஒரு சீக்கியப் போலீஸ்காரரோடு தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறான். ஓடிப்போய் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்தேன். "இங்க யாரும் இல்லன்னு சொல்லிடுங்க. அவங்க பாட்டுக்குப் போயிடுவாங்க." திருடச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். "பொய்யா சொல்லச் சொல்றே?" ஆளை ஒளித்து வைக்கத் துணிந்தவனுக்குப் பொய் சொல்லத் தெரிய வேண்டாமா? வேதத்திலேயே வேவுகாரர்களை ஒளித்தவள் பொய் சொல்லித்தானே காப்பாற்றினாள்? இதைச் சொல்லி வாதாட எனக்கு நேரமில்லை. கங்காணி வாசலுக்கு வந்துவிட்டான்.

"ஓடிப்போன ரெண்டு பேரு இங்க இருக்கறதா சொன்னாங்க" என்றான்.

"ஆமா, உள்ளதான் இருக்காங்க. ஆனா நான் விட மாட்டேன்" என்றார் இவர்.

இல்லை என்ற பதிலுக்குத் தயாராக வந்திருந்த கங்காணி வாயைப் பிளந்தான். உள்ளே அந்தப் பெண் அலறினாள். கொதிக்கிற வெந்நீர்ப் பானையைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என் வீட்டுக்காரரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, "உள்ள பிள்ள பொறந்துக்கிட்டு இருக்கு. ஆம்பளைங்க யாராச்சும் கால வச்சீங்க, இத மூஞ்சியில ஊத்திடுவேன்" என்றேன். போலீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பானை புரிந்தது. முற்றத்து மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். கங்காணியும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனான்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகப்பன் தானாகவே வெளியே போனான். "நான் வரேன். அவள மட்டும் விட்டுடுங்க" என்றான். பச்சைப் பிள்ளைக்காரியை விட்டுவிட்டு அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனார்கள். இவரும் அவனோடு நடந்தார். கோர்ட்டில் கேட்டதற்கும் பதில் சொன்னார், கேளாததற்கும் சொன்னார். பிரம்படியைப் பற்றிச் சொன்னது சரி. தானே ரயிலிலிருந்து அழைத்துப் போன கதையை யார் கேட்டார்கள்? அவனுக்குச் சிறை, இவருக்கு வேலை நீக்கம், எனக்கு மூட்டை முடிச்சு.

கிள்ளானில் பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால், மழை பெய்தால் தரையில் நீர் ஊறுகிற ஓர் அறை கிடைத்தது. இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். நான் இடியாப்பம் பிழிந்து விற்றேன். பிள்ளை பெற்றவளும் குழந்தையும் எங்களோடுதான் இருந்தார்கள். "கர்த்தர் நம்மளப் பட்டினி போடல பாத்தியா" என்பார் இவர், வாய் நிறைய இடியாப்பத்தோடு. அதைப் பிழிந்த கை யாருடையது என்று கேட்டால் சிரிப்பார். அந்த ஆள் விடுதலையாகி வந்து, மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஊருக்குக் கப்பலேறிப் போனான். போய்ச் சேர்ந்தோம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. குழந்தைக்குப் பல் முளைத்ததா என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்த ஒப்பந்தச் சட்டமே ஒழிந்து வெகுகாலமாகிறது. நாங்கள் இப்போது செந்தூலில் மகன் வீட்டில் இருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை சபையில் இளம் போதகர் ஒருவர், கீழ்ப்படிகிறவன் வீட்டில் குறைவே இராது என்று அடித்துப் பேசினார். எனக்கு ஈரத் தரைதான் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும், இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன். "அன்னிக்கு ரயில்ல ஆண்டவர் சத்தம் நெசமாவே உங்க காதுல விழுந்துச்சா?"

"சத்தம்னு ஒண்ணும் கேக்கல. அந்தப் பொண்ணு நின்ன நெலயப் பாத்தேன். எறக்கிவிட மனசு வரல. அதான் அவரு சொல்றதுன்னு எடுத்துக்கிட்டேன்."

இதையா இத்தனை காலம் அவ்வளவு நிச்சயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்! என்னால் பொறுக்க முடியவில்லை. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சரி, நீ அன்னிக்கு வாசல மறிச்சு நின்னியே, உனக்கு யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? பிள்ள பொறந்துக்கிட்டு இருந்துச்சு. வேற என்ன செய்யறதாம்?"

"அதேதான்" என்றார்.

உலை வைக்கிற சாக்கில் நான் அடுப்படிக்கு எழுந்து போனேன்.