அந்தப் படத்தில் மகள் இல்லை

போன வாரம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது, கூட வேலை செய்யும் பிரியா மாதுளை உரித்துக்கொண்டே பழைய படம் ஒன்றைப் பற்றிப் பேசினாள். வாடகைத் தாயைப் பற்றிய படம். "அந்தக் காலத்துலயே தைரியமா எடுத்திருக்காங்க. ஆனா செவப்பா இருக்கற நடிகைக்குக் கறுப்பு மேக்கப் போட்டு ஏழைன்னு காட்டியிருக்காங்கப்பா," என்றாள். என் கண் அவள் கையிலிருந்த மாதுளைமேல் இருந்தது. மாதுளையைக் கண்டால் எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல்தான். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எனக்கு எட்டு வயதானபோது அம்மா வேறொரு தம்பதிக்காக ஒரு குழந்தையைச் சுமந்தாள். கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சந்து வீட்டில், அவளைப் போன்ற ஏழெட்டுப் பெண்களைப் பிரசவம்வரை தங்கவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா பெருந்துறையிலிருந்து என்னை பஸ்ஸில் கூட்டிப்போவார். அம்மா கட்டிலில் சாய்ந்து மாதுளை தின்றுகொண்டிருப்பாள். நான் வயிற்றில் இருந்தபோது நூல் மில்லில் கால் கடுக்க நின்றவள் அவள். எனக்குப் பஞ்சுத் தூசி, அதற்கு மாதுளை! இத்தனைக்கும் அவள் அதைச் சுமந்ததே என் படிப்புக்காகத்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. ஆனாலும் எட்டு வயதில் நியாயம் எங்கே தெரிகிறது?

அந்தப் படத்தை அந்த வீட்டுக் கூடத்து டிவியில்தான் பார்த்தேன். கூடத்தில் தெலுங்கு பேசுகிற அக்கா இருந்தாள், சிலுவைச் சங்கிலி போட்ட அக்கா இருந்தாள், வாய் ஓயாத கோபிச்செட்டிபாளையம் செல்வியக்கா இருந்தாள். படத்திலோ ஒரே ஒருத்தி. எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழ் பேசினாள். கல்யாணமாகாதவள், நாதியற்றவள்.

"ஏனுங்க, ஒரு புள்ளையாவது பெத்தவளத்தான இங்க சேத்துக்கறாங்க? இவள எந்த டாக்டர் சேத்துனாரு?" என்றாள் செல்வியக்கா. கூடமே சிரித்தது.

படத்துக்காரி வயிற்றைத் தடவிக்கொண்டே பாடத் தொடங்கினாள்.

"நம்மளுக்கெல்லாம் பாட்டு எங்கீங்க அம்மணி வருது? வாந்திதான் வருது" என்றாள் செல்வியக்கா.

மறுபடியும் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. அம்மாவின் கை மெல்லத் தன் வயிற்றுக்குப் போனதைப் பார்த்துவிட்டேன். அதை இழுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன்.

"என்ன கண்ணு, பேன் கடிக்குதா?"

"ஏம்மா, அவளுக்கு என்னையாட்டப் புள்ள இல்லியா?"

"இருந்தா எப்படிக் கண்ணு பாடுவா? புள்ள நெனப்பாவே கெடப்பா."

எனக்காகச் சொன்னதுதான். எனக்குப் போதவில்லை. படத்தில் அந்தக் குழந்தைக்கு இரண்டு அம்மாக்கள். ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும் மகள் ஒருத்திக்கு ஒரு காட்சிகூட இல்லை. பிரசவத்துக்குப் பிறகு அம்மா வெறும் கையோடு வீட்டுக்கு வந்தாள். சண்டையில் ஜெயித்தவள் போல நான் அவள் மடியில் ஏறி உட்கார்ந்தேன். அதன்பின் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

பிரியா பேசிய அன்று சாயங்காலம் அம்மாவுக்குப் போன் செய்தேன். "அந்தப் படம் ஞாபகம் இருக்காம்மா?"

"படத்த ஆரு கண்டா கண்ணு. அந்தப் புள்ள இந்த வருசம் பத்தாவது எழுதும்."

எனக்குச் சுருக்கென்றது. நான் எந்த வகுப்பு என்று யாராவது கேட்டால், 'பெரிய பள்ளிக்கோடம் போறா' என்பதோடு நிறுத்திக்கொண்டவள் இவள்.

"அது எப்படி உனக்குத் தெரியும்?" என் குரலில் காரம் இருந்தது.

"உனக்கு எட்டு வயசில்ல அப்ப? அந்தந்த வயசுல நீ என்ன பண்ணுனயோ, அதும் அதத்தான் பண்ணும்னு நெனச்சுக்குவேன்."

அந்தச் சந்து வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஒரு துணிக்கடைக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்துகிறார்கள். சட்டம் வந்து, காசுக்குப் பிள்ளை சுமப்பதும் நின்றுபோயிற்று. செல்வியக்கா எங்கே என்று தெரியாது. குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட அம்மாவிடம் சொல்லவில்லையாம். தெரிந்த ஒரே பிள்ளையை வைத்துக்கொண்டு, தெரியாததை இத்தனை வருஷமாக வளர்த்து வந்திருக்கிறாள். அக்காவுக்குச் சின்னதாகிப்போன பாவாடையைத் தங்கைக்குப் போட்டுப் பார்ப்பதுபோல, நான் கடந்துவந்த வயதுகளை ஒவ்வொன்றாக அதற்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

இனி எனக்கு எந்த விதத்திலும் உதவாத வயதுகள்தான். ஆனாலும் அதற்குக் கொடுக்க மனசு வரவில்லை.