மேற்குச் சுவர்

செக்கானூரணிப் பக்கம் எங்கள் வீட்டை ஒரு மனிதர் அளக்க வந்தபோது எனக்கு ஒன்பது வயது. கண்ணாடி போட்டிருந்தார், தோளில் பை, கையில் அளவு நாடா. பழைய வீடுகளைப் படம் வரைகிறாராம். காலேஜில் வீடு கட்டச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாராம். வீடு கட்டுவதைக் கொத்தனாரிடம் கற்பார்களா, காலேஜில் கற்பார்களா? அப்பா நம்பவில்லை. எங்கள் நாயும் நம்பவில்லை.

காரணம் இருந்தது. அது தட்டுப்பாட்டுக் காலம். அளவுக்கு மேல் நெல் வைத்திருந்தால் அதிகாரிகள் வண்டியோடு வந்து அள்ளிப் போவார்கள். எங்கள் பின்னறையில், சன்னல் இல்லாத மேற்குச் சுவருக்கு இரண்டு முழம் முன்னால், அப்பா மச்சு வரைக்கும் ஒரு மண்சுவர் எழுப்பிச் சாணி மெழுகியிருந்தார். இரண்டுக்கும் நடுவே நெல் மூட்டைகள். விதையும் அதுதான், அடுத்த அறுப்பு வரைக்கும் எங்கள் சோறும் அதுதான்.

"வேணாம்னு சொன்னா சந்தேகம் வந்துரும். அளந்துட்டுப் போகட்டும்," என்றாள் அம்மா. "பிள்ளையக் கூட விடுங்க."

நாடாவின் ஒரு நுனி என் கையில். அவர் வெளியே அளந்தார், உள்ளே அளந்தார். நோட்டில் எழுதிக் கூட்டினார். மறுபடி அளந்தார். பிறகு பின்னறைச் சுவரை விரல் முட்டியால் தட்டினார். 'தொம்' என்றது. மூட்டைகளை அப்பா அவ்வளவு நெருக்கி அடுக்கியிருந்தார்.

"ஏண்ணே, இந்தச் சுவரு மட்டும் இம்புட்டுக் கனமா இருக்கு?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான்தான் சொன்னேன்: "சாயங்கால வெயிலு இறங்காம இருக்கத்தான் சார். எங்க பூட்டன் கட்டுனது."

அவர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் அப்பாவை இரு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

"கும்பிட்டுட்டுப் போறான் பாரு. நாளைக்கு வண்டியோட வருவான்," என்றார் அப்பா. பொழுது சாய்வதற்குள் மூட்டைகளை மாமா வீட்டுக்குக் கடத்தி, மண்சுவரை இடித்தோம். வாய்த்துடுக்குக்காக அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். வண்டி வரவேயில்லை. அந்தக் கோடையில் பின்னறைதான் அடுப்பாகக் காய்ந்தது.

போன மாதம், மதுரையில் கட்டடக்கலை படிக்கிற என் பேத்தி ஒரு தடித்த புத்தகத்தை என் மடியில் விரித்தாள். "அம்மாச்சி, உங்க ஊருப் பக்கம் இருந்த வீடாம், பாருங்க." எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். சுவர் பார்க்கத் தெரியும். படத்தில் மூன்று சுவர் ஒல்லி, மேற்குச் சுவர் யானைத் தண்டி. எழுதியவர் பெரிய பேராசிரியராம். ஓய்வுபெறும் வரைக்கும் இந்தச் சுவரைப் பாடமாக நடத்தினாராம். அவர் கட்டிய வீடுகளுக்கெல்லாம் மேற்கே இதே கனமாம், உள்ளே அப்படியொரு குளுமையாம். படத்தின் கீழே இருந்ததையும் வாசித்துச் சொன்னாள்: வெயில் இறங்காமலிருக்கப் பூட்டன் கட்டியது, பெயர் தெரியாத ஊர்க்காரர்களின் அறிவு.

பெயர் ஏன் தெரியாது? எனக்குத் தெரியும். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பேத்திக்குப் பரீட்சை இருக்கிறது.

பிடிக்க வந்தவர் எதற்குக் கும்பிட வேண்டும் என்றுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. எங்களை நம்பி ஒருவர் கும்பிடுவார் என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.