இடது சக்கரத்துச் சத்தம்

அந்தக் குறுவை அறுவடை சமயத்தில் காரின் முன்பக்கம் ‘கடக்’கென்று சத்தம் கேட்க ஆரம்பித்தது. விடாமல் கேட்டாலாவது பழகிப்போயிருக்கும். அதுவும் இல்லை. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று யாரோ அடியில் சுத்தியலால் தட்டினதுபோல ஒரு ‘கடக்’. பிறகு சாதுவாக ஓடும்.

வாரத்துக்கு இரண்டு நாள் என் கணவரை டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கூட்டிப்போகிறேன். எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். பஸ் ஒத்துவராது, முடிந்து வரும்போது அவருக்குத் தலை சுற்றும், நிற்க முடியாது. வாடகைக் கார்க்காரன் வருகிறேன் என்பான், முகூர்த்த நாளென்றால் போனையே எடுக்க மாட்டான். அதனால் ஐம்பது வயதுக்கு மேல் நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஒரு தடவை தவறினாலும் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

போகிற வழியில் நெடுந்தூரம் வாய்க்கால் கரை ரோடு. அப்போது தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் கழன்றால் நேரே உள்ளேதான். அவரால் கார்க் கதவைத் தள்ளித் திறக்கக்கூட முடியாது. எனக்கு நீச்சல் தெரியும், ஆனால் அவரையும் இழுத்துக்கொண்டு கரை ஏற முடியுமா? ஓட்டும்போதெல்லாம் மனசுக்குள் இதே யோசனைதான்.

“சத்தம் கேக்குதா இல்லையா உங்களுக்கு?”

“எனக்கு ஒண்ணும் கேக்கலயே. நீ பாட்டுக்கு ஓட்டு.”

“காது அடைச்சுப்போச்சா? இப்பத்தானே அடிச்சுது!”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்றுகூடச் சந்தேகம் வந்தது.

ஊரில் வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் விட்டேன். கடைத்தெருவில் இரண்டு சுற்றுப் போய்வந்து, “சத்தமே வரலையேம்மா” என்றார். நான் விடவில்லை. தூக்கிப் பார்த்து, லிங்க் ராடு என்கிற கம்பி கொஞ்சம் லூசாக இருக்கிறது, இதுவாகத்தான் இருக்கும் என்று அதை மாற்றிக் கொடுத்தார். அடுத்த நடையில், கரை ரோட்டில், ‘கடக்’. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கடுத்த டயாலிசிஸ் நாள் காலையில் மெக்கானிக்கின் பட்டறை வாசலிலேயே காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். பின் சீட்டில் என் கணவர்.

“ஏறுங்க. கூட வந்து உங்க காதால கேளுங்க.”

“கடைய விட்டுட்டு எப்படிம்மா...”

“அப்ப நாங்க வாய்க்கால்ல மிதக்கிறப்ப வந்து பாக்கிறீங்களா?”

முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் டிக்கியில் போட்டுவிட்டு முன்னால் ஏறினார். ஊர் தாண்டியது, சத்தம் வரவில்லை. பாழாய்ப்போனது, ஆள் இருக்கும்போது வராது! கரை ரோடு வந்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம் என்று நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எல்லோரும் ரோட்டில்தான் காயப்போட்டிருந்தார்கள். முக்கால் ரோட்டுக்கு நெல். நான் எப்போதும்போல இடது சக்கரத்தைத் தாரிலிருந்து மண்ணில் இறக்கி, நெல்லைத் தாண்டியதும் மேலே ஏற்றினேன்.

‘கடக்!’

“நிறுத்துங்க! நிறுத்துங்கம்மா!” அவர் கத்தினதில் எனக்குப் பிரேக் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. எப்படியோ நின்றது.

“ஏன் கீழ இறக்குனீங்க?”

“நெல்லு கிடக்குதுல்ல. அது மேல எப்படி ஏத்துறது?”

“தெனமும் இப்படித்தானா?”

“நெல்லு கிடக்கிற எடத்துல எல்லாம்.”

தலையில் அடித்துக்கொண்டார். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் அரையடிப் பள்ளம். லாரிக்காரனும் பஸ்காரனும் நெல் மேலேயே போகிறார்கள், எனக்குத்தான் மனசு வராது. காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள். கடைத்தெருவில் நெல்லும் இல்லை, பள்ளமும் இல்லை, அங்கே எப்படிச் சத்தம் வரும்?

ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினார். விழப்போகிற பல் மாதிரி ஆடியது.

“பால் ஜாயிண்ட் போயிடுச்சும்மா. சக்கரத்தப் பிடிச்சுக்கிட்டிருக்கிற மூட்டு இது. இன்னும் ரெண்டு மூணு தடவை இறக்கி ஏத்தியிருந்தா சக்கரம் அப்படியே மடங்கியிருக்கும். அன்னைக்கே நான் ஆட்டிப் பாத்திருக்கணும்.”

அவருக்குப் பின்னால் நாலடி தள்ளித் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது.

நெல்லுக்குக் காவல் இருந்தவர் தன் பைக்கைக் கொடுத்தார். மெக்கானிக் சாமான் வாங்க மன்னார்குடிக்குப் பறந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், மதிய ஷிப்டுக்கு வரச் சொன்னார்கள். ஒரு பூவரச மரத்தடியில் சாக்கை விரித்து என் கணவரை உட்காரவைத்தேன்.

“இப்பவாவது நம்புறீங்களா? ஒண்ணும் கேக்கல, ஒண்ணும் கேக்கலன்னீங்களே!”

“கேட்டுச்சு” என்றார். தலை நிமிரவில்லை. “மொத நாள்லேர்ந்தே கேட்டுச்சு.”

“என்னது?”

“ஆமான்னு சொன்னா நீ பயந்துபோய் வண்டியத் தொட மாட்ட. அப்புறம் என்னைய யாரு கூட்டிட்டுப் போவா?”

“உள்ள விழுந்திருந்தா ரெண்டு பேரும் போயிருப்போமே! என் உசுரு உசுரு இல்லயா?”

“அது நெனப்புக்கே வரல. என்னைய மட்டுந்தான் நெனச்சேன். சாகப் பயமா இருக்கு எனக்கு. ரொம்பப் பயமா இருக்கு.”

நோய் வந்த நாளிலிருந்து ‘பாத்துக்கலாம்’ என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசாத மனுஷன். எனக்குக் கோபம் வந்தது. நாலு வார்த்தை கேட்டிருப்பேன், ஆனால் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன அந்தக் கை கண்ணில் பட்டது. கோபம் முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன்.

வெயில் ஏறிவிட்டது. மெக்கானிக் வந்து, மாற்றி, சக்கரத்தை ஆட்டிக் காட்டினார். அசையவில்லை.

“தஞ்சாவூர்ல மறக்காம வீல் அலைன்மென்ட் பாத்துடுங்க. பயமா இருந்தா நான் வேணா ஓட்டட்டுமாம்மா?” என்று சாவியை நீட்டினார்.

சரி, நீங்களே ஓட்டுங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். மரத்தடியில் இருந்த என் கணவர் காரைப் பார்க்கவில்லை, மெக்கானிக்கைப் பார்க்கவில்லை. நான் சாவியை வாங்குகிறேனா என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாங்கிக்கொண்டேன்.