கோயில் வில்வமும் அம்மாவின் இரண்டு டின்களும்

"...சிவன் சொத்து குலநாசம்னு அன்னைக்குச் சொன்னது நான்தானே? இன்னைக்கு நானே சொல்றேன், அந்த டின்னைத் தொறடி!"

அம்மாவின் கடைசி நாட்களில் ஒரு காலை, எங்கள் பிலிமத்தலாவை வீட்டு அடுப்படியில் நின்று அத்தை என்னிடம் இப்படிச் சொன்னார். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. உள்ளே கட்டிலில் கிடந்த அம்மா, "வேணாம் மதினி" என்றார். சோறும் இறங்காமல், மருந்தும் இறங்காமல், வில்வம்பூத் தண்ணி ஒரு வாய் வேண்டும் என்று கேட்டவரும் அம்மாதான். பூ இருக்கும் டின்னைத் திறக்காதே என்று தடுத்தவரும் அவர்தான். இந்தப் பிடிவாதம் விளங்க வேண்டுமானால் அம்மாவை ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும்.

அம்மா புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனை இழந்து, படிப்பை விட்டு, கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு தம்பிமாரை ஆளாக்கினார். "மலை உசரத்தையே பாத்துக்கிட்டு நின்னா கூடை நெறையுமா?" என்பது அவர் வாக்கு. வீட்டில் யார் சோர்ந்து உட்கார்ந்தாலும் அது வந்து விழும். அப்பாவைக் கைப்பிடித்த பின், அவர் வேலை பார்த்த கடையை ஒட்டி பிலிமத்தலாவையில் குடியேறினார்.

பூவைப் பழக்கியவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. அவர் வளவில் ஒரு வில்வமரம் நின்றது. காய்ந்த வில்வம்பூவைக் கொதிக்க வைத்து 'பெலிமல்' என்று அவர் ஊற்றிக் கொடுத்ததை, கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடித்த அம்மா, "தேயிலைக்குள்ளயே வளந்தேன், இப்படி ஒரு ருசி இருக்கிறது தெரியாமப் போச்சே!" என்றாராம். அன்றிலிருந்து விடிந்ததும் மரத்தடியில் பழைய சீலையை விரிப்பார். கொழுந்து கிள்ளிய அந்தக் கை பூவை ஒருநாளும் கிள்ளியதில்லை. தானாக விழுந்தது மட்டும்தான். சுளகில் பரப்பி, நிழலில் வைத்து, புரட்டிப் புரட்டிக் காய வைப்பார். கடுகண்ணாவைப் பக்கம் வானம் கறுத்தால் போதும், அடுப்பில் கொதிக்கிற சோற்றை விட்டுவிட்டுச் சுளகைத் தூக்க ஓடுவார். கேட்டால், "சோறு குழைஞ்சா கஞ்சி, பூ நனைஞ்சா குப்பை" என்பார்.

எங்கள் கோயில் முற்றத்து வில்வத்தின் கீழும் பூ கொட்டிக் கிடக்கும். அந்த முற்றத்தைக் கூட்டுவது அத்தையின் நேர்த்திக்கடன். கணவனை இழந்து எங்களோடு வந்து தங்கிய நாளிலிருந்து அதைத் தவறவிட்டதில்லை. ஒருநாள் அம்மா அங்கே சீலையோடு போய் நிற்க, அத்தை விளக்குமாறை ஓங்கிவிட்டார்.

"ஏன்டி புசல்லாவைக்காரி, சிவன் சொத்து குலநாசம்னு கேள்விப்பட்டதில்லையா? பூசைக்கு எலை எடுக்கிற மரத்துப் பூவைக் கொதிக்க வச்சுக் குடிப்பியா?"

"நீங்க கூட்டிக் குப்பையில கொட்டுறதத்தானே மதினி கேக்குறேன்?"

"குப்பைன்னாலும் அது சாமி குப்பை!"

அம்மா திரும்பி வந்தார். விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தோம். மறுநாள் அதே சீலையோடு அதே இடத்தில் நின்றார்.

"சாமி பூவை வீட்டுக்குன்னு எடுத்தாத்தானே மதினி பாவம்? காயவச்சுக் கொண்டாந்து இந்த வாசல்லயே வர்றவங்களுக்கு ஊத்திக் குடுக்கிறேன். என் வாயில ஒரு சொட்டு படாது. இது உங்களுக்கு நான் குடுக்கிற வாக்கு."

அத்தை அன்று மரத்தடியை மட்டும் கூட்டாமல் போனார்.

அப்படித்தான் எங்கள் அடுப்படித் தட்டில் இரண்டு பிஸ்கட் டின்கள் ஏறின. பக்கத்து வீட்டுப் பூ வீட்டு டின்னில், கோயில் பூ வாசல் டின்னில். வெள்ளிக்கிழமை பூசை முடிந்தால் கோயில் வாசலில் அம்மாவின் பூத்தண்ணிக் கேத்தல் இருக்கும். பால்மாவுக்கும் சமையல் கேஸுக்கும் சனம் தவித்த காலத்தில், கேஸ் வரிசை கோயிலைத் தாண்டி நீளும். அம்மா விறகில் காய்ச்சிக் கொண்டுபோய், "ஒங்க எடத்தை நான் பாத்துக்கிறேன், வாசலுக்கு வந்து குடிச்சிட்டுப் போங்க" என்று ஒவ்வொருவராக அனுப்புவார். வாக்கு வாக்குதான், கேத்தல் வாசலைத் தாண்டாது. சிங்களவர், முஸ்லிம்கள், நம்மவர்கள் எல்லாரும் வந்து குடித்தார்கள். அத்தை கோப்பைகளைக் கழுவி அடுக்குவார், குடிக்க மாட்டார். "எனக்கு வெறுந்தேத்தண்ணி போதும்டி" என்பார்.

அப்பா மறைந்தபோதும் அம்மா ஒரு வெள்ளிக்கிழமைகூட ஓய்ந்திருக்க மாட்டார். தீட்டுக் கழியும் வரை கோயிலுக்குப் போகக் கூடாது என்றதால் மட்டுமே பொறுத்திருந்தார்.

பிறகு பக்கத்து வளவில் மதில் கட்ட மரத்தை வெட்டினார்கள். வீட்டு டின் காலியானது. அம்மாவும் அந்தப் பருவத்திலேயே படுக்கையில் விழுந்தார். வாசல் டின் மட்டும் நிறைந்திருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொண்ட கண்டி ஆஸ்பத்திரித் தாதிமாருக்கும், செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த சிங்கள அக்காவுக்கும், புசல்லாவையிலிருந்து ஓடி வந்து தோள் கொடுத்த மாமாமாருக்கும், கோயிலடிச் சனத்துக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அம்மாவின் இந்த ஆண்டுத் திவசத்துக்கு வந்த அனைவரையும் கும்பிடுகிறோம்.

அத்தைக்கு என்ன சொல்லி நன்றி கூறுவது? அன்று காலை அடுப்படியில் நான் தயங்கி நிற்க, அவரே வாசல் டின்னின் மூடியை நெம்பித் திறந்தார். பூவைப் போட்டுக் கொதிக்க வைத்து, ஆற்றி, அம்மாவின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தார்.

"வாக்குக் குடுத்திருக்கேன் மதினி."

"எங்கிட்டத்தானே குடுத்த? பாவம்னு ஒண்ணு இருந்தா அது மொதல்ல எனக்கு வரட்டும்."

இத்தனை வருடமும் அந்தப் பூத்தண்ணியை நாவில் வைக்காத அத்தை, முதல் மடக்கைத் தாம் குடித்தார். பிறகு அம்மாவின் தலையைத் தூக்கி மடியில் வைத்து, கோப்பையைச் சாய்த்தார்.