கங்கம்மாவுக்குப் போட்ட கல்

புத்தூரிலிருந்து ரேணிகுண்டா போகிற ரோட்டில் கல் கடை வைத்திருக்கிற பூவராகவனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லச் சொன்னால், கல்லைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை என்று சொல்லலாம். நல்லது அதோடு முடிந்துபோகும்.

கடைக்கு வருகிறவர்களுக்குப் பாடமே நடத்துவான். குப்பம் பக்கத்துக் கருங்கல் பூமிக்கடியில் நெருப்புக் குழம்பாகக் கிடந்து மெல்ல ஆறி இறுகியது. உற்றுப் பார்த்தால் மணி மணியாக மின்னும். கடப்பாக் கல் கடலடியில் வண்டல் படிந்து படிந்து உண்டானது. ஓரத்தில் தட்டுத் தட்டாகத் தெரியும், புளிப்புப் பட்டால் வெளுத்துவிடும். எல்லாம் சொல்லி முடித்து, "நான் கருங்கல்லு ரகம்" என்று மார் தட்டுவான். சகிக்காது.

இந்த வருஷம் அவனுக்கு எங்கள் ஊர் கங்கம்மா கோயில் தர்மகர்த்தா ஆகிற ஆசை வந்துவிட்டது. ஆடிக் கடைசியில் ஊர் கூடி ஆளைத் தேர்ந்தெடுக்கும். அதற்காக ஆனியிலேயே சன்னதிக்கு முன்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்குக் கல் பதித்துக் கொடுத்தான். அம்மன் பெயர் சின்னதாக, அவன் பெயர் பெரிதாக வெட்டியிருந்தது. "குப்பத்துக் கருங்கல்லு. உங்க பேரப்புள்ளைங்க காலத்துக்கும் இப்படியே இருக்கும்" என்றான். நாங்களும் வாயைப் பிளந்து பார்த்தோம்.

அது கடப்பாக் கல். கடையில் யாரும் சீந்தாமல் கிடந்ததை மெருகேற்றி, எண்ணெய் தடவிக் கருப்பாக்கிக் கொண்டுவந்திருந்தான். கழித்துப் போட்டதைச் சாமி தலையில் கட்டுகிற புத்தி.

ஆனால் ஜாத்திரைத் திருவிழாவுக்கு மட்டும், அதுவும் மாலை மரியாதை வாங்கிக்கொள்ள மட்டும் கோயிலுக்கு வருகிறவன் அவன். ஆடி வெள்ளிதோறும் பெண்கள் சன்னதி முன்னால் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை அறுத்து, அங்கேயே பிழிந்து, மூடியைத் திருப்பி நெய்விளக்கு ஏற்றுவார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. அவன் பெண்டாட்டி தனபாக்கியம் வருஷா வருஷம் ஏற்றுகிறாள். அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெண்டாட்டியைக் கேட்கிற ஆளா அவன்?

முதல் வெள்ளியிலேயே கல்லில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. அடுத்த வெள்ளி அவன் பெயரைச் சுற்றிச் சாம்பல் பூத்துவிட்டது. மூன்றாம் வெள்ளி அலறி அடித்துக்கொண்டு ஓடிவந்தான்.

"இனிமே இங்க வெளக்கு வெக்காதீங்க. கல்லு பாழாப் போவுது."

எப்போதும் முதல் விளக்கு ஏற்றுகிற ரத்தினம்மா நிமிர்ந்து பார்த்தாள். "கருங்கல்ல எலுமிச்சம்பழம் இன்னாண்ணா பண்ணும்? எங்க வூட்டு அடுப்பு மேடை நீ போட்ட கருங்கல்லுதான். ஊறுகாய்க்கு அதும்மேலதான் அறுத்துகினு கீறேன். ஒண்ணும் ஆவலியே."

ஊரே நின்றுகொண்டிருந்தது. 'இது கடப்பா' என்று சொன்னால் பெயர் வெட்டிய கல் தப்பும், தர்மகர்த்தா பதவி போகும்.

"கருங்கல்லுதானே? இன்னைக்கு மொத வெளக்கு நீயே ஏத்துண்ணா" என்று அறுத்த பழத்தை நீட்டினாள்.

வாங்கினான். தன் பெயர்மேலேயே பிழிந்தான். சாறு புசுபுசுவென்று நுரைத்தது, எல்லோரும் பார்த்தோம்.

"பழம் சரியில்ல" என்றான், வெட்கம் கெட்டவன்.

பதவி வேறொருவருக்குப் போனது. மறுநாளே கல்லைப் பெயர்த்துப் போக ஆட்களை அனுப்பினான். ரத்தினம்மா விடவில்லை. "சாமிக்குக் குடுத்தது குடுத்ததுதான். வெளக்கு வெக்கத் தோதா கீது, இருக்கட்டும்" என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கல் அங்கேயேதான் இருக்கிறது. ஆடி போன பிறகும் வெள்ளிதோறும் தனபாக்கியம் வருகிறாள். இடம் எவ்வளவோ கிடக்க, புருஷன் பெயர்மேல்தான் பழத்தைப் பிழிகிறாள்.