தேன் குடித்த தண்ணீர்

தண்ணீரையே ஒருமுறை கழுவிவிட்டுத்தான் குடிப்பாள் என்பது அவளைப் பற்றி அவள் கணவன் சொல்வது. தெருவில் அவ்வளவு நீட்டி முழக்குவதில்லை. 'பளபளா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

பளபளாவின் வீட்டுப் பின்னறையில் தேன் பாட்டில்களில் அடைபட்டது. தேனீப் பெட்டிகள் கணவன் பொறுப்பு. வடிகட்டுவதும் அடைப்பதும் அவள். மூடி திருகுவதும் வாயடிப்பதும் நாத்தனார். தரமுத்திரை இல்லாத சரக்கை அலமாரியில் ஏற்ற மாட்டோம் என்று பெரிய கடைகள் கைவிரித்த பிறகு, அவள் முத்திரைக்கு விண்ணப்பித்தாள். தர அதிகாரியம்மா வந்து, அடைத்து வைத்திருந்தவற்றில் நான்கு பாட்டில்களைத் தானே பொறுக்கி, அரக்கு வைத்து எடுத்துப் போனார்.

பத்தாம் நாள் கடிதம் வந்தது. எல்லாம் சரி, ஒரு வரியைத் தவிர: ஈரப்பதம் வரம்புக்கு மேல்.

"அப்படின்னா என்னடி?"

"தேன்ல தண்ணி அதிகமாம் அண்ணி."

"நான் கலந்தேங்கிறாங்களா?"

பளபளா தரையில் உட்கார்ந்தாள். அந்த நேரத்திலும் முந்தானையால் தரையை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

"முத்திரை கெடக்கு. தண்ணி கலந்தவன்னு பேர் வந்துட்டா, அதை எதைப் போட்டுக் கழுவுறது?"

நாத்தனார் வாயடிப்பதை விட்டுவிட்டு, மறுசோதனைக்கு வழி உண்டா என்று கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

மறுசோதனை கேட்டு எழுதிப் போட்டாள். அதிகாரியம்மா ஈரப்பதம் அளக்கும் சாண் நீளக் குழாய்க் கருவி ஒன்றோடு வந்தார். வடிகட்டிய தேன் இருந்த டிரம்மிலிருந்து ஒரு சொட்டை எடுத்துக் கருவியின் கண்ணாடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பத்தொன்பதரை சதவீதம். இருபது வரை இருக்கலாம். அதே டிரம்மிலிருந்து அடைத்த பாட்டிலில் பார்த்தார். இருபதரை.

"டிரம்முக்கும் பாட்டிலுக்கும் நடுவுலதான் ஏதோ நடக்குது. நீங்க எப்பவும் செய்ற மாதிரியே செய்ங்கம்மா. நான் ஓரமா நிக்கிறேன்."

பளபளா முந்தானையை இழுத்துச் செருகினாள். பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெந்நீரில் அலசினாள். பார்க்க ஆள் நிற்கிறதே என்று இன்னும் இரண்டு முறை அலசினாள். தலைகீழாக ஒரே ஒரு உதறல். கை நேராக டிரம்மின் குழாய்க்குப் போனது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!"

அதிகாரியம்மா பாட்டிலை வாங்கித் தன் உள்ளங்கையில் கவிழ்த்தார். கொஞ்சம் பொறுத்ததும், உள்ளங்கைக் குழியில் ஒரு வாய்த் தண்ணீர் தேங்கி நின்றது. அந்தத் தண்ணீரில் ஜன்னலின் நிழல் நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்தா இருக்கு, நாம தேடுன தண்ணி. பாட்டிலுக்குள்ள ஒட்டியிருந்தா தேன் விட்டு வைக்குமா? குடிச்சிடும்."

நாத்தனாருக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. "ஊர்ல எல்லாரும் அழுக்கா இருந்து மாட்டுவாங்க. சுத்தமா இருந்து மாட்டின ஒரே ஆள் எங்க அண்ணிதான்!"

பளபளா சிரிக்கவில்லை. "அப்ப நான் கலக்கலைதானே?" என்றாள்.

"கலந்தது நீங்கதான். ஆனா கலப்படம் இல்ல. பாட்டிலைக் கவுத்து வச்சு, நல்லாக் காய்ஞ்சப்புறம் அடைங்க. மறுபடி வந்து மாதிரி எடுக்கறேன்."

அதன் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. அதிகாரியம்மா தெருமுனையில் திரும்பும்வரை கேட்டது.

இரண்டாவது மாதிரி தேறியது. முத்திரை, எடை, அடைத்த நாள் எல்லாம் அச்சான லேபிள் கட்டு வந்த அன்று மூவரும் மேசையைச் சுற்றி நின்றார்கள். பளபளா முதல் லேபிளை உரித்து, பாட்டிலில் ஒட்டி, விரலால் நீவினாள். லேபிள் மெல்ல வழுக்கிக்கொண்டு அடிவரை இறங்கியது.

கணவன் பாட்டிலைத் தொட்டுப் பார்த்தான். "ஈரத்துணியால தொடச்சியா?"

"ஒரே ஒரு தடவை."

அவளே பாட்டிலைக் கொண்டுபோய் ஜன்னலோரத்தில் வைத்தாள். எதிரே நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகி இருபது வருஷத்துல, உன் கை சும்மா இருந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்று கணவன் பாட்டில் பக்கமாகக் குனிந்தான்.

"தள்ளி நின்னு பேசுங்க" என்றாள் பளபளா. "உங்க மூச்சுல ஈரம் இருக்கு."