மூன்றாவது பெஞ்சில் மட்டும் திறந்த என் கடை

கம்ப்யூட்டர் நம் மனதில் இருப்பதைச் செய்யாது, நாம் எழுதியதை மட்டும்தான் செய்யும் என்பதை, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அதன் முன்னால் போய் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கல்யாணத்துக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் வரிசைத் தட்டு அலங்காரம் செய்து கொடுப்பவள். முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீடு. முன்னறை முழுக்கத் தட்டுகள். எனக்கு வரும் வேலையில் பாதிக்கு மேல், பூந்தமல்லி போகும் வழியில் உள்ள ஒரு கல்யாண மண்டபத்தின் மூலம் வருவது. அங்கே மண்டபம் பிடிக்கிறவர்களிடம் சமையலுக்கு இவர், பூவுக்கு இவர், தட்டுக்கு இவர் என்று ஒரு பட்டியல் கொடுப்பார்கள். அதில் பல வருடமாக என் பெயர் உண்டு. இந்த வருடம் முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். மேனேஜர் குமரேசன் என்னைக் கூப்பிட்டு, "வெப்சைட் இல்லாதவங்க பேரை எடுத்துடச் சொல்லிட்டாரும்மா. மாசக் கடைசி வரைக்கும்தான் டைம்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பத்தே நாளில் வெப்சைட் செய்யச் சொல்லித் தருகிறார்கள் என்று வெள்ளானூரில் இருக்கும் என் தங்கை தேவி சொன்னாள். ஓடிப்போய்ச் சேர்ந்துவிட்டேன்.

விண்ணப்பம்

விண்ணப்பத்தில் 'படிப்பு' என்று ஒரு கட்டம். எட்டாவதோடு நின்றவள் நான். எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, எழுதாமல் விட்டால் பொய் சொன்னதாகுமோ என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். கடைசியில் 'எட்டாவது' என்று எழுதி, அந்தக் கட்டத்தைக் கட்டைவிரல் மறைக்கிற மாதிரி தாளை நீட்டினேன்.

பாடம் நடத்தும் ஷீபா மேடத்துக்கு என் மகள் வயதுதான் இருக்கும். தாளை வாங்கிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். "கம்ப்யூட்டர் யார்கிட்டயும் மார்க் ஷீட் கேட்டதில்லக்கா. போய் உக்காருங்க."

பெரிதாகிப் போன எழுத்து

தலைப்பு தொடங்கும் இடத்தில் அம்பு முனை மாதிரி ஒரு கோணல் குறி போட்டால், முடியும் இடத்தில் அதை மூட இன்னொரு குறி போட வேண்டும். இரண்டாம் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். நான் மூட மறந்துவிட்டேன். தலைப்பு மட்டும் பெரிதாக வர வேண்டிய பக்கத்தில், என் முகவரி, போன் நம்பர், 'வீட்டுக்கே வந்து தருவோம்' எல்லாம் சுவரொட்டி மாதிரி பெரிதாகி, திரையை விட்டு இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன. கல்லூரிச் சொத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பயந்து, குனிந்து சுவிட்சை அணைத்தேன். அதுவரை எழுதியதும் அதோடு போயிற்று.

பக்கத்து நாற்காலியில் அந்தோணி அண்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர்; தங்கள் மாதா கோவில் பாடகர் குழுவுக்கு சைட் செய்ய வந்தவர். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. "இன்னாம்மா நீ, எழுத்து பெருசானதுக்கு கரண்ட்டையே புடுங்கினே! ஊட்ல புள்ள வளந்தா இன்னா பண்ணுவே?"

பெரிய இடத்தின் உட்புறம்

நான்காம் நாள் மேடம் ஒரு பெரிய துணிக்கடையின் சைட்டைத் திறந்தார். பட்டுப் புடவைகள் தானாக நகர்ந்துகொண்டிருந்தன. இதையெல்லாம் செய்ய வேறு பிறவி எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். மேடம் மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். புடவையெல்லாம் மறைந்து, வெறும் எழுத்துகள் வந்தன. அதே கோணல் குறிகள். தொடங்க ஒன்று, மூட ஒன்று. நான் நோட்டில் எழுதி வைத்திருந்தேனே, அதே 'படம் இங்கே', அதே 'தலைப்பு இங்கே'. இத்தனை வருடம் போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்ததெல்லாம் இதுதானா? யாரோ என்னை மாதிரி உட்கார்ந்து, எங்கேயாவது மூட மறந்து, திட்டு வாங்கித் திருத்தியதா?

எழுந்து போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்தோணி அண்ணன் சிரிக்கவில்லை. அவரும் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். "எவ்ளோ பெரிய பங்களான்னாலும் உள்ள செங்கல்தான்மா வெச்சிருக்கான்."

மூன்றாவது பெஞ்சு

ஏழாம் நாள் என் பக்கம் தயாராகிவிட்டது. மேலே கடையின் பெயர், கீழே மயில் தட்டு, தாமரைத் தட்டு, பழத்தட்டு. மாதக் கடைசிக்கு இன்னும் நான்கே நாள். எனக்குப் பொறுக்கவில்லை. திரையின் உச்சியில் இருந்த நீளமான முகவரியை, ஒரு கோடு, ஒரு புள்ளி விடாமல் போனில் பார்த்துப் பார்த்து அடித்து, தேவிக்கும் மேனேஜர் குமரேசனுக்கும் அனுப்பினேன். தேவி, "திறக்கல க்கா" என்றாள். குமரேசன், "என்னம்மா இது? மொதலாளி மகன் பாத்துட்டு ஒரு மாதிரி ஆயிட்டார்" என்றார்.

அழாத குறையாக மேடத்திடம் போனைக் காட்டினேன். நான் அனுப்பியது இணையத்தின் முகவரியே இல்லையாம். அந்தக் கம்ப்யூட்டருக்குள் என் கோப்பு எந்த அலமாரியில், எந்தத் தட்டில் இருக்கிறது என்ற விவரமாம். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "உங்க கடையைப் பாக்கணும்னா மொதலாளி மகன் பஸ் ஏறி வந்து, இந்த மூணாவது பெஞ்சுலதான்க்கா உக்காரணும்."

ரேஷன் கடை வரிசை

கடைசி நாள், பக்கத்தை நிஜமாகவே இணையத்தில் ஏற்றினோம். தேவிக்குப் போன் செய்தேன். அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். "பேர் வருது, நம்பர் வருது. தட்டு ஒண்ணும் காணோம் க்கா, சின்னச் சின்னக் கட்டமா இருக்கு" என்றாள். ஆல்பத்தில் போட்டோ ஒட்டுகிற மாதிரி, படம் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் இருப்பது 'படம் இன்ன இடத்தில் இருக்கிறது, போய் எடுத்து வா' என்ற சீட்டு மட்டும்தானாம். படங்களைத் தனியாக ஏற்ற வேண்டுமாம். ஒவ்வொன்றாக ஏற்றினேன். அந்தோணி அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டு, ஏறியதை எண்ணிக்கொண்டிருந்தார்.

திரும்பத் திறக்கச் சொன்னேன். போனில் தேவிக்குப் பதில் பல பெண்களின் குரல்கள். லைன் மாறிவிட்டதோ என்று நினைத்தேன். ஆவடியில் நான் ஒரு பொத்தானை அழுத்த, வெள்ளானூரில் வரிசையில் நிற்கிற பெண்கள் கையில் என் மயில் தோகை விரித்திருக்கிறது! வயரும் இல்லை, ஆளும் போகவில்லை. அப்புறம்தான் தேவியின் குரல் வந்தது. "க்கா, போன் இப்பதான் என் கைக்குத் திரும்பி வந்துச்சு. மூணு பேர் தாண்டிப் போயிடுச்சு. மயில் தட்டு யாருது யாருதுன்னு கேட்டுக்கினே கீறாங்க."

பட்டியல்

சரியான முகவரியை உடனே குமரேசனுக்கு அனுப்பினேன். 'பார்த்தாயிற்று' என்று இரண்டு நீலக் கோடுகள் வந்தன, பதில் வரவில்லை. திட்டுகிறாரா, பெயரை அடித்துவிட்டாரா, போனை எங்கேயாவது வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாரா? ஆவடியில் பஸ் ஏறி வீடு வந்து சேரும் வரை நூறு தடவை எடுத்துப் பார்த்திருப்பேன். மறுநாள் காலை அவரே கூப்பிட்டார். "பேர் லிஸ்ட்ல இருக்கும்மா, கவலைய விடுங்க. மொதலாளி மகனுக்கு தாமரைத் தட்டு ரொம்பப் புடிச்சுப் போச்சு" என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லார்கிட்டயும் சைட் கேட்டுட்டோம், மண்டபத்துக்குத்தான் இன்னும் சைட் இல்ல. அந்த கோர்ஸ் மறுபடி எப்பம்மா ஆரம்பிக்கறாங்க?"

உலகம் முழுக்கத் தெரிகிற ஒன்றைப் பத்தே நாளில் செய்துவிட முடியும் என்ற ஆச்சரியம் இன்னும் தீராமலே இருக்க, உலகம் முழுக்கப் பார்த்து என்ன சொல்லுமோ என்ற கவலையையும் இப்போது புதிதாகத் தொடங்கியிருக்கிறேன்.